விடு

மிச்சக்காசு இல்லை என்று
வெல்லாவெளிச் சந்தியில்
கோழித்தீன் விற்கிறவன் தந்த குட்டி.
எழுநூறு ரூபாய்க்குப் பதில்
உரப்பைக்குள் நாலு கால்.
சில்லறை என்று பேர் வைத்தேன்.
தங்கேஸ் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

எறிந்தால் ஓடும், அது பிறவியிலேயே இருந்தது.
எடுத்தால் திரும்பி வராது.
பழைய காலுறைக்குள் உமி திணித்து
தாராச் சிறகு இரண்டைச் சுற்றிக் கட்டி
அறுத்த வட்டையின் குறுக்கே வீசுவேன்.
கவ்விக்கொண்டு நேரே
வாய்க்காலுக்கு அங்கால் போய்
மண் பறித்துப் புதைத்துவிட்டு
வெறும் வாயோடு வந்து வாலாட்டும்,
வங்கியில் காசு போட்டுவிட்டு வந்தவனைப் போல.

கழுத்தில் நைலோன் கயிறு கட்டினேன்.
இழுத்தால் வந்தது.
அவிழ்த்தால் வங்கிக்கே போனது.
மறுகா ஒரு நாள் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வரம்பு வரம்பாக,
நாற்பத்தாறு வயசில் ஒரு விசரன்.
தன்னை விட்டுவிட்டுப் போகிறான் என்று
காலுறையோடே துரத்தி வந்தது.
வெட்டு மெசின்காரப் பொடியன்கள் விசிலடித்தார்கள்.
அண்டைக்குத்தான் அது படித்தது.
நானும்.

வந்ததென்னவோ சரி,
குதறிக் குதறி உமி சிந்திக்கொண்டு வந்தது.
“உள்ளுக்க காரை முள்ளு வையுங்க,
ஒருக்காக் குத்தினாச் சரி”
என்றார் நல்லரெத்தினம்.
வைத்தேன்.
ஒருக்காத்தான்.
மேலண்ணத்தில் இரத்தப் பொட்டோடு
என்னைப் பார்க்காமல் காலுறையை முறைத்தது,
குத்தியது அதுதான் என்று நம்பி.
முள்ளை அடுப்பில் போட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தாரா முட்டை.
நாலு முட்டை தின்றது.
ஐந்தாவதைத் தங்கேஸ் ஒளித்துவிட்டாள்.
கடைசியில் என் கையைக் கொடுத்தேன்,
விரல் ஐந்தும், மணிக்கட்டு வரைக்கும்.
பற்கள் வந்து தோலில் நின்றன.
அழுத்தினால் “ஆ” என்பேன், தளர்த்தும்.
“விடு” என்பேன், விடும், நக்கும்.
மார்கழி முழுக்க யானைக் காவல் வாடியில்
தகரத்தில் மழை அடிக்க அடிக்க
இதே விளையாட்டு.
என் கையின் எலும்பெல்லாம்
அதன் நாக்குக்கு மனப்பாடம்.

மாசியில் வில்லுக்குப் போனோம்.
கெற்றப்போலில் ஒரே கல்.
கானாங்கோழி பன்புல்லுக்குள் விழுந்தது.
நான் சொல்லமுன் அது தண்ணிக்குள்.
முதலை கிடக்கிற வில்லு.
தலை மட்டும் போகிறது,
கரிச்சட்டி ஒன்று மிதந்து போகிற மாதிரி.
புல் அசைந்தது.
பிறகு அசையவில்லை.
வைரவருக்கு வடைமாலை நேர்ந்தேன்,
அவருடைய வாகனம்தானே, அவர் பார்க்கட்டும் என்று.

வந்தது.
காலடியில் போடவில்லை,
உள்ளங்கையில் வைத்தது.
உயிரோடு.
என் கல் முறித்த செட்டையைத் தவிர
ஓர் இறகு குலையவில்லை.
வெள்ளை நெஞ்சுக்குள்
தண்ணி இறைக்கிற மோட்டர் மாதிரி அடிக்கிறது.

“விடு” என்றேன்.
விட்டது.
சொட்டச் சொட்ட உட்கார்ந்து
என் கையையே பார்த்தது.
நான் மெல்ல அழுத்தினேன்.
யாராவது “ஆ” என்பார்களா என்று
கொஞ்சம் நின்று கேட்டேன்.
வட்டையில் காற்று மட்டும்.
கழுத்து சின்னது.
ஒரு திருகு.

இரவு கறி, மிளகு தூக்கலாக.
நல்லாயிருக்கு என்றாள் தங்கேஸ்,
பாவம், நாய்க்கும் போடுங்க என்றாள்.
ஈரலை முற்றத்தில் வீசினேன்.
பாய்ந்து கவ்வியது.
இருட்டில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு நடந்து வந்து
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
உட்கார்ந்தது,
ஒரு பல் படாமல்.

“தின்” என்றேன்.
“தின்னு மனே” என்றேன்.
அந்தச் சொல்லை மட்டும்
நான் பழக்கியிருக்கவில்லை.